தொல்லுயிரியலைத் தொல்லியல் ஆக்காதீர்கள்

டைனோசர் எலும்பு எங்கே கிடைத்தாலும் நம் செய்திகளில் ‘தொல்லியல் ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பு’ என்றுதான் வருகிறது. தப்பு. அது பழங்கால உயிர்களை ஆராயும் தொல்லுயிரியலின், அதாவது பேலியன்டாலஜியின் வேலை. தொல்லியல், மனிதர் விட்டுச்சென்ற பானை ஓடு, கல்வெட்டு, கட்டடம் முதலியவற்றை ஆராய்வது; கீழடி அதன் களம். பறவைகள் நீங்கலாக டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனத்துக்கு வயது ஏறத்தாழ 3 லட்சம்தான்.

பேலியன்டாலஜிக்குச் சரியான தமிழ் தொல்லுயிரியல். பேலியன்டாலஜி, 1822இல் பிரான்சின் விலங்கியலாளர் பிளான்வில் ஆக்கிய சொல். கிரேக்கத்தில் பலாயோஸ் பழையது, ஓன் இருப்பது, லோகோஸ் இயல். தொல், உயிர், இயல் என்று அப்படியே பொருந்துகிறது.

சிலர் ‘புதைபடிவவியல்’ என்கிறார்கள். புதைபடிவம் நல்ல சொல்தான். பாசில் என்பதற்கு அதையே நானும் எழுதுகிறேன். ஆனால் துறைக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் கல்லே ஆராய்ச்சி என்றாகிவிடும். சைபீரியப் பனிமண்ணில் மயிரும் சதையுமாகக் கிடைக்கும் மாமூத் (அழிந்துபோன யானையினம்) கல்லாகவே மாறவில்லையே, அதை யார் ஆராய்வது? டைனோசர் எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மரத்தின் ஆண்டு வளையம்போல வளர்ச்சிக் கோடுகள் தெரியும். செத்தபோது அதன் வயதென்ன, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று கணிக்கலாம். தேடுவது உயிரின் கதையை. ‘புதைபடிமம்’ என்று எழுதுவது இன்னும் மோசம்; படிமம் கவிதைக்கு உரியது.

டைனோசருக்கு வருவோம். 1842இல் ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் கிரேக்கச் சொற்களால் வைத்த பெயர். அதைப் ‘பயங்கரப் பல்லி’ என்று பெயர்த்துக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவதை நிறுத்த வேண்டும். பல்லிக்குக் கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும், டைனோசருக்கு உடலுக்கு நேர்கீழே. அது பல்லி இனமே அல்ல. ‘தொன்மா’ அழகான ஆக்கம், ஆனால் பழைய விலங்கு எதையும் குறிக்கும், மாமூத்தும் தொன்மாதானே? டைனோசர் என்றே எழுதுவோம். மூலத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அகராதியின் முதல் சொல்லை ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களால்தான் இத்தனை குழப்பமும்.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவியது. துறை அறிந்தவர்கள் பார்த்துவிட்டு அம்மோனைட் என்றார்கள்: அங்கே கடல் இருந்த காலத்தில் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான ஓட்டுயிர். அதே மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப் படுத்துக் கிடக்கும் 18 மீட்டர் மரத்துக்கு மக்கள் ‘கல்மரம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். எந்த மொழிபெயர்ப்பாளரும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.