‘வளைவு அனுமதி’ அன்று, மடிப்பு வில்நீளம்

தகட்டுப் பாகங்களைக் கணினியில் வரையும் கேட் (CAD) மென்பொருள்களுக்கான தமிழ்க் குறிப்புகளில், மடிப்புக்கென ஒதுக்கவேண்டிய தகட்டு நீளமான ‘பெண்ட் அலவன்ஸ்’ என்பது ‘வளைவு அனுமதி’ ஆகியிருப்பதை நெடுநாள் பொறுத்திருந்தேன். விரித்த தகட்டின் நீளம் ஏன் பொருந்தவில்லை என்று பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவரிடம் கேட்டபோது, “அனுமதி 4.18 என்று இருக்கிறதே, அந்த அளவுக்கு முன்பின் இருக்கலாம் அல்லவா?” என்று அவர் திருப்பிக் கேட்டதோடு என் பொறுமை தீர்ந்தது. பிழை அவருடையதன்று. அனுமதி என்று எழுதினால் எவரும் அப்படித்தான் படிப்பார்.

அலவன்ஸ் என்பதன் மூலமான பழைய பிரெஞ்சு வினையில், புகழ்தல், ஒதுக்குதல் என்னும் பொருளுடைய இரு இலத்தீன் வினைகள் கலந்துவிட்டன. பயணப்படி, அகவிலைப்படி என்பவற்றில் ‘படி’ என்று நாம் சரியாகப் பிடித்தது ஒதுக்குதல் என்னும் பொருளை; தகட்டுக்கு வேண்டியதும் அதுவே.

தகடு மடியும்போது உட்புறம் ஒடுங்குகிறது, வெளிப்புறம் இழுபடுகிறது, இடையில் ஓர் அடுக்கு மட்டும் நீளம் மாறாமல் நிற்கிறது. மடிப்புக்குள் அந்த அடுக்கு வளைந்து செல்லும் வில்லின் நீளத்தையே மென்பொருள் கேட்கிறது. உட்பரப்பிலிருந்து அது தடிமனில் எத்தனை பங்கு தள்ளியிருக்கிறது என்பதே கே காரணி. 2 மி.மீ. தகட்டை 2 மி.மீ. உள்ஆரத்தில் செங்கோணமாக மடித்து, வெளியளவு 50, 30 மி.மீ. வரவேண்டுமானால், ஒவ்வொன்றிலும் தடிமனும் உள்ஆரமும் சேர்ந்த 4 போக நேர்ப்பகுதிகள் 46, 26, கே 0.44 எனில் வில் 4.52; ஆக விரித்த நீளம் 76.52 மி.மீ. அந்தத் தம்பியின் கோப்பில் கே 0.33 என்று கிடந்தது. வில் 4.18 ஆகச் சுருங்கியது. நான்கு மடிப்புள்ள பாகத்தில் இந்தக் குறை 1 மி.மீட்டரைத் தாண்டிவிடும். ‘அனுமதி’ என்ற சொல்லை நம்பியவருக்கு இதைத் தேடவே தோன்றாது.

‘மடிப்பு ஒதுக்கீடு’ என்பாரும் உளர். மூலச்சொல்லுக்கு அது நெருக்கமே, ஆனால் எதை ஒதுக்குவது என்பதைச் சொல்லாமல் விடுகிறது. ‘மடிப்பு நீளம்’ என்றால் மடிப்புக்கோட்டின் நீளத்தோடு குழம்பும். பள்ளிக் கணக்கிலேயே வில்லின் நீளம் நமக்குப் பழக்கமாகிவிட்டது என்பதால் ‘மடிப்பு வில்நீளம்’ என்பதையே நான் எழுதுகிறேன். சற்று நீண்டாலும் சூத்திரத்தையும் அது உடன் நினைவூட்டுகிறது. ‘வளைவு’ என்பதையும் விட்டுவிடலாம். உருளையாகச் சுருட்டிய தகடும் வளைவுதான், இங்கே நடப்பது மடிப்பு.

இதே கைகள்தாம் ‘பெண்ட் டிடக்‌ஷனை’ ‘வளைவுக் கழிவு’ ஆக்கியிருக்கின்றன. வெளியளவுகளின் கூட்டுத்தொகையான 80இலிருந்து 76.52க்கு வரக் குறைக்கவேண்டிய 3.48 அது, பட்டறையில் கழிவு என்றால் வெட்டி எறிந்த துண்டு. ‘மடிப்புக் குறைப்பு’ என்று எழுதியிருந்தால், இல்லாத அந்தத் துண்டு எங்கே விழும் என்று எவரும் கேட்கமாட்டார்.