ஓட்டையோடு பிறக்கும் .எஸ்ஓ கோப்பு

"பைதான் ஏற்கெனவே இருக்கிறது, அப்புறம் ஏன் பிப் இன்ஸ்டால் 'பைதான்.ஹெச் இல்லை' என்று பாதியில் நிற்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பைதான் நிரலை ஓட்ட இன்டர்பிரெட்டர் போதும், சி-யில் எழுதிய மாட்யூலைக் கம்பைல் செய்யத்தான் ஹெடர் கோப்புகள் (பைதான்.ஹெச் போல, ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் கோப்புகள்) வேண்டும். உபுண்டு, டெபியனில் அவை பைதான்3-டெவ் என்று தனியாக இருக்கின்றன. அதைப் போட்டால் சரி. பிழை வந்ததுமே சூடோ (நிர்வாகி அதிகாரம்) சேர்த்து ஓட்டிப் பார்ப்பதெல்லாம் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுகிற கதைதான்.

சி மாட்யூலை எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் செட்டப்.பை கோப்பில் நாம் எழுதுவது கொஞ்சம்தான்: மாட்யூலின் பெயர், சி கோப்புகளின் பட்டியல். எந்தக் கம்பைலர், என்ன ஃபிளாக் என்பதெல்லாம் பைதானையே கம்பைல் செய்தபோது பதிவாகிவிட்டது, பைதானின் சிஸ்கான்ஃபிக் மாட்யூலிடம் கேட்டால் சொல்லும், பில்ட் செய்கிற செட்டப்டூல்ஸும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. (பைதான் 3.12-இல் பழைய பில்ட் கருவியான டிஸ்ட்யூட்டில்ஸைத் தூக்கிவிட்டார்கள், பழைய செட்டப்.பை ஓடாவிட்டால் முதலில் அதைப் பாருங்கள்.)

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். லினக்ஸில் கம்பைல் செய்து கடைசியில் கிடைக்கும் .எஸ்ஓ கோப்பு (பைதான் இம்போர்ட் செய்வது இதைத்தான்) முழுமையானதே இல்லை. கோப்பிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையை மைனஸ் டி சேர்த்து (nm -D) ஓட்டினால், பைலாங்_ஃப்ரம்லாங் போன்ற பெயர்களுக்குப் பக்கத்தில் 'யூ' என்ற எழுத்து நிற்கும். அதாவது இந்த ஃபங்ஷன் இங்கே இல்லை, யாராவது தருவார்கள் என்று லிங்கர் (கம்பைல் செய்த துண்டுகளை இணைக்கும் கருவி) ஓட்டையை அப்படியே விட்டுவிட்டது. யார் தருவது? இம்போர்ட் செய்கிற அதே பைதான்தான்! டிஎல்ஓபன் என்ற சிஸ்டம் ஃபங்ஷன் கோப்பை நினைவகத்தில் ஏற்றும்போது, அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பைதானுக்குள்ளிருந்து முகவரிகளை எடுத்து ஓட்டைகள் அடைக்கப்படுகின்றன. விண்டோஸில் இந்தச் சலுகை கிடையாது, லிங்க் செய்யும்போதே பைதானின் .லிப் கோப்பைக் காட்டியாக வேண்டும்.

அடுத்து பைதான் ஒரே ஒரு ஃபங்ஷனைத் தேடும்: பைஇனிட்_ என்பதோடு மாட்யூலின் பெயர். ஓர் எழுத்து மாறினாலும் இம்போர்ட்எரர். மாட்யூலுக்குத் தமிழில் பெயர் வைத்தால்? 3.5-இலிருந்து அதற்கும் வழி உண்டு: பைஇனிட்யூ_ போட்டு, பெயரைப் பியூனிகோடாக்கி (தமிழை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் குறிக்கும் முறை) ஒட்ட வேண்டும், தமிழ் டொமைன் பெயர்களுக்குப் பயன்படும் அதே முறை.

கோப்பின் பெயரில் வரும் சிபைதான்-312 என்ற ஒட்டு, எந்தப் பதிப்புக்குக் கம்பைல் செய்தது என்பதைச் சொல்கிறது. அதை 313 என்று மாற்றி ஏமாற்றப் பார்க்காதீர்கள், உள்ளே ஸ்ட்ரக்ட்களின் (தரவுகளை அடுக்கும் கட்டங்களின்) அமைப்பு மாறியிருந்தால், நிரல் அப்படியே விழும் செக்மென்டேஷன் ஃபால்ட்தான் மிச்சம். பல பதிப்புகளுக்கும் ஒரே கோப்பு வேண்டுமென்றால் பை_லிமிடெட்_ஏபிஐ-யை டிஃபைன் செய்து ஏபிஐ3 (abi3) கோப்பாக பில்ட் செய்யலாம். வேகமான சில மேக்ரோக்கள் அதில் கிடைக்காது.