நடுவில் இருப்பவருக்கு ஏன் முறை வருவதில்லை?

ரூட்டர், டவர் எதுவும் இல்லாமல் கருவிகள் தங்களுக்குள்ளேயே நேரடியாகப் பேசிக்கொள்ளும் கம்பியில்லா வலையமைப்பை அட் ஹாக் என்பார்கள். யார் எப்போது பேசலாம் என்று சொல்ல அங்கே தலைவர் கிடையாது. எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றினால் அலைக்கற்றை சமமாகப் பிரிந்துவிடும் என்றுதான் தோன்றும். பிரியாது.

1999இல் வந்த 802.11பி வைஃபையை எடுத்துக்கொள்வோம். அனுப்பும் முன் கேட்க வேண்டும். சேனல் அமைதியாக இருந்தால் 0 முதல் 31 வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, 20 மைக்ரோசெகண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பூச்சியம் வந்ததும் அனுப்பலாம். இடையில் வேறு யாராவது பேசினால் எண்ணுவதை அப்படியே நிறுத்திவைக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதல் நடந்தால் வரம்பு 63, 127 என்று ஏறி 1023 வரை போகும்.

சரி, இப்போது தங்களுக்குள் பேசும் கருவிகளாக மூன்று ஜோடிகளை வரிசையாக நிறுத்துங்கள். ஓரத்து ஜோடிகள் இரண்டும் ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குக் கேட்காத தூரத்தில் இருக்கின்றன. நடு ஜோடிக்கு இரண்டுமே கேட்கும். 1500 பைட் பாக்கெட் (ஒரே மூச்சில் அனுப்பும் தரவுத் துண்டு) ஒன்று 11 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் பிடிக்கும். அடுத்த பாக்கெட்டுக்கு முன் குலுக்கல் தரும் இடைவெளி சராசரியாக 310 மைக்ரோசெகண்டுதான். இடப்பக்கம் ஓயும்போது வலப்பக்கம் பேசிக்கொண்டிருக்கும். இருபுறமும் சேர்ந்து ஓயும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நடு ஜோடி எண்ண முடியும். இரண்டு மூன்று எண் குறைவதற்குள் மறுபடி யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் விதியை மீறவில்லை. ஆனாலும் நடுவில் இருப்பவர் பட்டினி.

1994இல் வந்த மக்காவ் (MACAW) எனும் நெறிமுறை, காத்திருப்பு வரம்பைப் பாக்கெட்டிலேயே எழுதி அனுப்பி, கேட்பவர்கள் அதையே நகலெடுக்கச் செய்தது. மோதலில் தோற்றவர் மேலும் மேலும் பின்தங்குவதற்கு நல்ல மருந்து. ஆனால் நம் நடு ஜோடி மோதவே இல்லையே!

அப்படியானால் நியாயமான பங்கு எது? நடுவுக்குப் பாதி நேரம் கொடுத்தால் ஓரங்களுக்கும் பாதிப் பாதி. மொத்த வேலை 3/2. நடுவை அடியோடு மறந்தால் மொத்தம் 2. மொத்தத்தையும் பார்த்து, யாரையும் பட்டினி போடாமலும் பிரிக்கும் விகிதாசார நியாயம் என்ற கணக்கு நடுவுக்கு மூன்றில் ஒன்றும், ஓரங்களுக்குத் தலா மூன்றில் இரண்டும் தருகிறது, மொத்தம் 5/3. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் ஓரத்து ஜோடிகள் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், நடுவில் ஒருவர் காத்திருப்பது முதலில் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ‘என் வரிசையில் இத்தனை பாக்கெட் தேங்கியிருக்கிறது’ என்று அவர் சொன்னால்தான் தெரியும். அப்புறம், அதைச் சொல்லவும் அவருக்கு ஒரு முறை கிடைக்க வேண்டுமே! 2005இன் 802.11இ, குரல் பாக்கெட்டுகளை 31க்குப் பதில் 7 வரை மட்டும் குலுக்க விட்டது. இந்தச் சிறு அறிவிப்புக்கும் அதே சலுகையைக் கொடுத்தால், கிடைக்கிற சின்ன இடுக்கில் அது நுழைந்துவிட வாய்ப்பு உண்டு.