பெட்டி அவர்களிடம், சாவி உங்களிடம்

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கையில் ஆண்ட்ராய்டு போன், கடையில் விண்டோஸ் கணினி, வெளியூர் போகும்போது ஐபேட். மூன்றிலும் ஓடுகிற பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் செயலி, எது?

ஆப்பிளின் பாஸ்வேர்ட்ஸ் செயலி ஆண்ட்ராய்டுக்கு இல்லை, அதை விட்டுவிடலாம். கீபாஸ் வகைச் செயலிகளில் எல்லாப் பாஸ்வேர்டும் ஒரே கோப்பில் இருக்கும். போனிலும் கணினியிலும் ஒரே சமயம் திருத்தினால் இரண்டு பிரதிகள் முளைக்கும், அவற்றை நாமே ஒன்றுசேர்க்க வேண்டும். பிட்வார்டன் என்ற மேனேஜரின் இலவசக் கணக்கில் சாதனங்களுக்கு வரம்பில்லை. இவருக்கு அதுவே போதும்.

"அத்தனையையும் எவனோ ஒருவனின் சர்வரிலா வைப்பது?" என்ற பயம் நியாயமானது. ஆனால் அங்கே போவது உங்கள் பாஸ்வேர்டுகள் அடங்கிய பூட்டிய பெட்டி மட்டுமே. வீட்டு இரும்புப்பெட்டி முன்கட்டில், பின்கட்டில் எங்கே இருந்தாலும் சாவிக்கொத்து ஆச்சியின் இடுப்பில்தானே இருக்கும்? அதுபோல, சாவி உங்கள் போனுக்குள்ளேயே உருவாகிறது.

அது உருவாகும் விதம் அற்புதமானது. பெட்டியைத் திறக்க நீங்கள் நினைவில் வைக்கும் ஒரே பாஸ்வேர்டான மாஸ்டர் பாஸ்வேர்டோடு உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கலந்து ஷா-256 என்ற கணக்கில் போட்டு அரைக்கிறது செயலி. வந்த விடையை மறுபடி அரைக்கிறது. இப்படி 6,00,000 சுற்று! முகவரி கலப்பதால், இருவர் ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும் சாவி வேறுவேறு. நீங்கள்தான் என்று சர்வருக்குக் காட்ட, அந்தச் சாவியை இன்னொரு தரம் அரைத்த மாவு மட்டும் போகிறது. மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது.

இந்த அரைப்பு உங்களுக்குக் கண்சிமிட்டும் நேரம். பெட்டியைத் திருடியவனோ ஒவ்வொரு யூகத்துக்கும் 6 லட்சம் சுற்று அரைத்தாக வேண்டும். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு மேனேஜரிலிருந்து பூட்டிய பெட்டிகள் திருடுபோனபோது, பழைய கணக்குகள் சிலவற்றில் 5,000 சுற்றுதான் இருந்தது. பெரிய ஓட்டை அதுதான்.

சுற்று எத்தனை இருந்தாலும் 'பிள்ளையார்பட்டி123' நிற்காது. சாமி பெயர், ராசி எண், பிறந்த ஆண்டு எல்லாம் திருடனின் பட்டியலில் முதல் பக்கத்திலேயே இருக்கும். பக்தி கோயிலில் இருக்கட்டும், பாஸ்வேர்டில் வேண்டாம். பிட்வார்டனின் ஜெனரேட்டரில் 'பாஸ்ஃப்ரேஸ்', அதாவது பல சொற்களைக் கோத்த பாஸ்வேர்டு, கேளுங்கள். 7,776 சொற்களிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்துத் தரும். நான்கு சொல் என்றால் சுமார் 3,656 லட்சம் கோடி சேர்க்கைகள். நொடிக்கு 10,000 வீதம் முயன்றாலும் முழுதும் பார்த்து முடிக்க 11,000 ஆண்டுக்கு மேல் ஆகும்.

பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் பிட்வார்டன் இணையதளத்தில் நுழைந்து செட்டிங்ஸ், செக்யூரிட்டி, கீஸ் என்று போய்ச் சுற்று எண்ணிக்கை 6,00,000 இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே இருக்கும் ஆர்கான்2ஐடி என்ற, நினைவகத்தையும் நிறையப் பயன்படுத்தி அரைக்கும் முறைக்கு மாறினால் நினைவக அளவை 64 எம்பிக்கு மேல் ஏற்றாதீர்கள். ஐபோன், ஐபேடில் தானாக நிரப்பும் வசதி அந்தப் பாரத்தைத் தாங்காமல் திணறும்.

மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தால் கம்பெனியாலும் திறந்து தர முடியாது. தாளில் எழுதி, நிஜமான இரும்புப்பெட்டியில் வையுங்கள். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளைப் பிட்வார்டனுக்கு மாற்றும்போது இறங்கும் சிஎஸ்வி என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் பூட்டில்லாமல் கிடக்கும். ஏற்றி முடித்த கையோடு அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.