வலி போய்விட்டது, குடம் தூக்கலாமா?

"தையல் பிரிச்சு பத்து நாளாச்சு. வலியே இல்லை. அப்புறம் ஏன் ஆறு வாரம் தண்ணிக் குடம் தூக்கக் கூடாதுங்கிறாங்க?" எடை நன்றாகக் குறைந்தபின், மேல்கையில் தொங்கிய தோலை அறுவை சிகிச்சையில் எடுத்துக்கொண்ட ஒரு வாசகியின் கேள்வி இது.

முதலில் ஒன்று. இந்தத் தோல் உடற்பயிற்சியால் ஒட்டாது. இழுத்தால் திரும்பச் சுருங்கும் குணத்தைத் தோலுக்குக் கொடுப்பது எலாஸ்டின் என்ற புரதம். அதில் பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே உருவாகிவிடுகிறது. பல ஆண்டுகள் விரிந்தே கிடந்த தோலில் அந்த இழைகள் நைந்துவிடும். டம்பெல் தூக்கினால் தசைதான் வளரும். அதனால் அக்குளிலிருந்து முழங்கை வரை உபரித் தோலையும் கொழுப்பையும் வெட்டியெடுத்துத் தைக்கிறார்கள்.

காயம் ஆறும்போது முதலில் ரத்தம் உறைவது, வெள்ளணுக்கள் வருவது எல்லாம் பள்ளியில் படித்ததுதான். அதன்பின் நடப்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. காயத்துக்குள் வரும் நார்ச்செல்கள் கொலாஜன் என்ற கயிற்றைத் திரிக்கின்றன. நிஜமாகவே முப்புரிக் கயிறு! மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. சுற்று அவிழாமல் இருக்க, சங்கிலியில் ஆங்காங்கே ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்கும் நொதியில் ஓர் இரும்பு அணு உண்டு. அது துருப்பிடித்து முடங்காமல் காப்பது வைட்டமின் சி. ஆக்சிஜன் சேராத கொலாஜன் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும். நம் உடம்போ 37 டிகிரி.

பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் 1939இல் தன் உடம்பிலேயே இதைச் சோதித்தார். மாதக்கணக்கில் வைட்டமின் சி இல்லாத உணவையே சாப்பிட்டார். மூன்றாம் மாதம் முதுகில் போட்ட வெட்டு வழக்கம்போல ஆறியது. ஆறாம் மாதம் போட்டது ஆறவில்லை. வைட்டமின் சி கொடுத்த பிறகே கூடியது.

இனி வாசகியின் கேள்வி. முதலில் திரிக்கப்படுவது மெல்லிய, ஒழுங்கில்லாத கயிறு. பிறகு அதைப் பிரித்துப்போட்டு, இழுவிசை வரும் திசை பார்த்துத் தடித்த கயிறாக மறுபடி திரிக்கிறது உடம்பு. எலித்தோலில் அளந்தபோது, ஒரு வாரத்தில் காயத்துக்கு இருந்தது பழைய வலுவில் சுமார் 3 சதவீதம். மூன்று வாரத்தில் 20, மூன்று மாதத்தில் 80. அதற்குமேல் ஏறுவதில்லை. வெளித்தையல் பிரித்தாலும், உள்ளே போட்ட கரையும் தையல்தான் இப்போது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வலி இல்லாததற்கும் இந்த வலுவுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த இடத்தில் சிறு நரம்புகள் அறுபட்டு மரத்துப்போயிருப்பதாலும் வலி தெரியாமல் இருக்கலாம்.

பத்தியம் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, சீழ் பிடிக்கும் என்று முட்டையும் மீனும் பழமும் நிறுத்தி, மூன்று வாரம் ரசஞ்சோறு மட்டும் கொடுத்தார்கள். கயிறு திரிக்கும் நேரத்தில் நாரைப் பிடுங்கிக்கொண்ட வேலை அது. இன்றும் எனக்கு ஆறவில்லை. மருத்துவர் தடுக்காதவரை முட்டை, பருப்பு, மீன், கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் சாப்பிடுங்கள். எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சத்துக் குறைபாடு எளிதில் வரும் என்பதால் இது இன்னும் முக்கியம். மேல்கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையை மருத்துவர் சொன்ன காலம்வரை போடுங்கள். ஒரு கை மட்டும் திடீரென வீங்கினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தழும்பு சில மாதங்கள் சிவந்து தடித்திருந்தால் பயப்பட வேண்டாம். வேலை நடக்கிறது என்று பொருள். வெளிற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதன்பின்னும் அங்கே கொலாஜன் கரைந்து, புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். 1740களில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சனின் கப்பல் பயணத்தில், வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் வந்த ஒரு முதிய வீரருக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் பட்டு ஆறிய காயங்கள் மறுபடி திறந்துகொண்டதாகப் பயணக் குறிப்பு சொல்கிறது.