காட்டு வாத்தின் நெஞ்சும் தொடையும்: ஒரு சட்டி, இரண்டு இறைச்சி

கடைக் கோழியின் நெஞ்சுத் துண்டு வெளிறிக் கிடக்க, காட்டு வாத்தின் நெஞ்சு ஏறக்குறைய ஈரலின் கருஞ்சிவப்பில் இருக்கும். இரத்தம் சரியாக வடியவில்லை என்று எண்ணி அதை நான்கைந்து தண்ணீரில் அலசுபவர்கள் உண்டு. எவ்வளவு அலசினாலும் அந்த நிறம் முழுதாகப் போகாது. ஏனெனில் அது பெரும்பாலும் இரத்தத்தின் நிறம் அன்று. தசைநார்களுக்குள் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும், இரும்பு கொண்ட மயோகுளோபின் என்னும் புரதத்தின் நிறம். கோழி, நாயோ கீரியோ துரத்தும்போது மட்டும் சில விநாடிகள் சிறகடித்து மதிலில் ஏறும் பறவை. அந்தச் சிறுபொழுது வேலைக்கு, ஒட்சிசனை எதிர்பாராமல் சேமிப்பிலுள்ள கிளைக்கோஜன் என்னும் மாப்பொருளை உடைத்துச் சக்தி பெறும் வெள்ளைத் தசையே போதும். வாத்து அப்படியன்று. மணிக்கணக்காக இடைவிடாது சிறகடிக்க வேண்டியிருப்பதால், கொழுப்பை ஒட்சிசனுடன் எரிக்கக்கூடிய, சக்தியை ஆக்கும் நுண்ணுறுப்புகளான இழைமணிகளும் மயோகுளோபினும் நிறைந்த செந்தசையே அதன் நெஞ்சை நிரப்பியிருக்கிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் வடக்கிலிருந்து வந்து யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் தொண்டைமானாற்றிலும் சரசாலைப் பக்கத்து நீர்நிலைகளிலும் இறங்கும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றரைக் கடப்பது இந்தத் தசையின் பலத்தில்தான்.

அந்த வாத்துகளை இங்கே எவரும் சுட முடியாது. இலங்கையில் அவை 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழும் அதன் திருத்தங்களின் கீழும் பாதுகாக்கப்பட்டவை. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. அதனால் இக்கட்டுரையில் பேசப்படுவது, கனடா போன்ற நாடுகளில் உரிமம் பெற்றுப் பருவகாலத்தில் சுடப்படும் மல்லார்ட் வாத்து. அங்கே சுட்டவர் அதை ஊர்முறையில் எப்படிக் கறியாக்குவது என்று இங்கேயுள்ள பெரியம்மாவையோ மாமியையோ தொலைபேசியில் கேட்கும் வாத்து. பெரியம்மாவுக்குத் தெரிந்தது வீட்டுத் தாரா. மஸ்கோவி இனத்தைத் தவிர்த்தால், வீட்டுத் தாராக்கள் மல்லார்டின் வழிவந்தவையே. ஆகவே உடலமைப்பு ஒன்றுதான். வயது, உழைப்பு, தீனி ஆகிய மூன்றும்தான் வேறு. அந்த மூன்றையும் கணக்கில் எடுக்காமல் தாராக் கறிக்குரிய பக்குவத்தை அப்படியே சொல்லிக் கொடுத்தால், தொடை நன்றாக வரும், நெஞ்சு மரத்தூளாகிவிடும்.

காரணம் கொலாஜன். தசைநார்களைக் கட்டி வைக்கும் இந்தப் புரதம் நடந்தும் நீந்தியும் உழைத்த காலில் அதிகம், நெஞ்சில் குறைவு. பறவைக்கு வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடி, அவை வெப்பத்துக்கு எளிதில் இளகாதனவாகின்றன. பண்ணை வாத்து ஆறேழு வாரத்தில் இறைச்சியாகிவிடும். காட்டில் சுடப்பட்டது இரண்டு மூன்று வயதைக் கண்டதாகவும் இருக்கலாம். கொலாஜன் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசில் சுருங்கித் தசையிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். இந்தக் கட்டத்தில் அடுப்பை அணைத்தால் தொடை இறப்பர்தான். ஆனால் ஈரத்தோடு 70 பாகைக்கு மேல் நீண்ட நேரம் வைத்திருந்தால் அதே கொலாஜன் படிப்படியாக ஜெலற்றினாக இளகிக் குழம்பையும் தடிப்பாக்கும். முற்றிய பறவையின் தொடைக்கு மெல்லிய நெருப்பில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் வேண்டும்.

நெஞ்சில் இளகுவதற்குக் கொலாஜன் அதிகம் இல்லை. அங்கே உள்ளவை தசையை இயக்கும் புரதங்கள். மயோசின் 50 பாகையை அண்டியே திரளத் தொடங்கும். அக்டின் 66 முதல் 73 பாகைக்குள் திரளும்போது நார்கள் இறுகிச் சாறு வெளியேறும். அதற்கு மேல் கொதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டமே. மேலைநாட்டு வேட்டைக்காரர்கள் நெஞ்சை உள்ளே சிவந்திருக்கும் நிலையிலேயே உண்பதற்குக் காரணம் இதுதான். பறவைக் காய்ச்சல் பரவியிருக்கும் இக்காலத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பறவை இறைச்சியின் நடுப்பகுதி 74 பாகையைத் தொட வேண்டும் என்பதே பாதுகாப்பான விதி. உண்மையில், இறகு பிடுங்கும்போதும் குடல் எடுக்கும்போதும்தான் கைகளுக்கும் மூச்சுக்கும் அபாயம் கூடுதல், கையுறை அவசியம். நெஞ்சை நாருக்குக் குறுக்காக மெல்லிய துண்டுகளாக அரிந்தால் 74 பாகையைச் சில நிமிடங்களில் தொட்டுவிடும், நீண்ட நார்களும் வாயில் அகப்படா. முன்கூட்டியே உப்பும் மஞ்சளும் பிரட்டி ஒரு மணித்தியாலம் வைப்பதும் வெறும் வழக்கம் அன்று: உப்பு மயோசினின் ஒரு பகுதியைக் கரைத்து, வேகும்போது நீரைப் பிடித்து வைத்திருக்கச் செய்கிறது. ஒரு கிலோ இறைச்சிக்கு 12 முதல் 15 கிராம் உப்பு போதும்.

சுட்டவுடன் சமைப்பதும் தவறு. உயிர் போன பின் தசையிலுள்ள சக்தி மூலக்கூறான ஏ.ரீ.பீ. தீர்ந்ததும், அக்டினும் மயோசினும் ஒன்றையொன்று பிடித்தபடி பூட்டிக்கொள்ளும். உடல் விறைப்பது இதனால்தான். விறைத்த நிலையில் அடுப்பேற்றிய இறைச்சி எவ்வளவு வெந்தாலும் கடினமாகவே இருக்கும். சில மணி நேரங்களில் தசையிலுள்ள நொதியங்கள் நார்களை அங்கங்கே வெட்டித் தளர்த்தத் தொடங்கும். குடல் நீக்கிய வாத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகைக்குக் கீழே ஓரிரு நாள் வைத்திருப்பது இந்த நொதியங்களுக்குக் கொடுக்கும் அவகாசம். ஐரோப்பியக் குளிரில் வாத்தை வெளியில் தொங்கவிடுவது போல 30 பாகை வெயிலில் தொங்கவிட்டால் நொதியங்களை முந்திக்கொண்டு பற்றீரியாக்கள் வேலையை முடித்துவிடும்.

இறகு பிடுங்குவது தனிப் பாடு. நீர் ஒட்டாத இறகுக்குள் வெந்நீர் இறங்குவது கடினம். தண்ணீரில் சிறிது சவர்க்காரம் கலந்து, 65 பாகையளவில் பறவையைப் பிடித்து ஆட்டினால் இறகின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கும் புரதங்கள் தளரும். மிச்சமுள்ள பஞ்சிறகுக்கு உருக்கிய மெழுகில் முக்கிக் குளிர்நீரில் இட்டு உரிப்பதைவிடச் சிறந்த வழி இல்லை.

இனி மணத்துக்கு வருவோம். 'காட்டு மணம்' என்று பலர் பழிப்பது இறைச்சியிலிருந்து வருவது கொஞ்சம், கொழுப்பிலிருந்து வருவது நிறைய. வாத்து உண்ணும் கொழுப்பமிலங்கள் அதிகம் உருமாறாமலே அதன் கொழுப்பில் சேர்கின்றன. தானியமும் புல்விதையும் மேய்ந்த மல்லார்டின் கொழுப்பு இனியது; சிப்பியும் கூனியும் சிறுமீனும் தின்ற கடல்வாழ் வாத்தின் கொழுப்பிலோ பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பமிலங்கள் மிகுந்திருக்கும். அவை காற்றுப்பட்டு எளிதில் ஒட்சியேற்றமடைந்து மீன்வாடை வீசும்; மயோகுளோபினிலுள்ள இரும்பு அந்த ஒட்சியேற்றத்தை மேலும் தூண்டும். இதற்கு மருந்து மசாலாவைக் கூட்டுவதன்று, அந்த வகை வாத்தின் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் முழுதாக உரித்துவிடுவது. எந்த வாத்தானாலும் நீக்க வேண்டிய ஒன்று வால் அடியில், முதுகுப்புறத்தில் இருக்கிறது. விரலால் தடவினால் சிறு காம்புபோல முனை தட்டுப்படும். அதன் கீழே தோலுக்குள் மஞ்சள் நிறத்தில், இரு பிளவாக, மெழுகுப்பசையோடு ஒரு சுரப்பி. வாத்து அலகால் எடுத்து இறகில் பூசும் எண்ணெய் இதிலிருந்துதான். சுற்றியுள்ள கொழுப்போடு எலும்புவரை ஆழமாக வெட்டி எடுக்காவிட்டால் மஞ்சள் பசை சட்டியில் உருகிக் கறி முழுவதும் பரவும்.

மசாலாவுக்கு வேறு பங்கு உண்டு. கராம்பு, கறுவா, மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றிலுள்ள பீனோல் சேர்வைகள் ஒட்சியேற்றச் சங்கிலியை இடையில் அறுக்கின்றன. யாழ்ப்பாணக் கறித்தூளுக்குக் கொத்தமல்லியையும் சீரகத்தையும் கருகாமல் வறுக்கும்போது உண்டாகும் பைரசீன் வகைச் சேர்வைகள், வறுத்த இறைச்சியில் உண்டாகும் மணங்களின் உறவினர்தாம். ஆதலால்தான் எங்கள் தூள் செவ்விறைச்சியோடு இவ்வளவு இயல்பாக ஒத்துப்போகிறது. பப்பாசிக்காயில் உள்ள பப்பெயின் என்னும் நொதியம் 60, 70 பாகையில் மும்முரமாகப் புரதத்தை வெட்டி, கொதிநிலையில் செயலிழக்கும். தொடைக்குச் சிறிது சேர்க்கலாம், நெஞ்சில் பூசினால் மேற்புறம் களியாகும். தேசிக்காய்ப்புளியும் வினாகிரியும் சில மில்லிமீற்றருக்கு மேல் உள்ளிறங்குவதில்லை.

புளி சேர்க்குமுன் குண்டைத் தேட வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1991 முதலும் கனடாவில் 1999 முதலும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக்குண்டு தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனால் ஈயம் இன்னும் அனுமதிக்கப்படும் இடங்களில் சுட்ட பறவையாயின், பழப்புளியின் அமிலம் சிதறிய ஈயத்துகள்களைக் கரைத்துக் குழம்பில் சேர்க்கும். காயப்பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிவதே நல்லது. உருக்குக் குண்டு நஞ்சன்று, பல்லைத்தான் உடைக்கும்.

ஆகவே பக்குவம் இப்படி அமையும். தொடையையும் முதுகெலும்பையும் தூள், உள்ளி, வெங்காயம், கறுவாவோடு இரண்டாம் தேங்காய்ப்பாலில் மூடி மெல்ல அவிய விட வேண்டும். எலும்பிலிருந்து இறைச்சி கழன்றதும் தாச்சியைத் தனியே நன்றாகக் காயவைத்துத் தேங்காயெண்ணெயில் நெஞ்சுத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பிரட்டி எடுக்கலாம். மொத்தமாகப் போட்டால் நீர் ஊறி, வறுபடாமல் அவியும். பின் குழம்பில் முதற்பாலை விட்டு, கொதித்துத் திரைவதற்கு முன் நெஞ்சையும் சேர்த்து இறக்க வேண்டும். மிஞ்சிய கறியில் தொடை அடுத்த நாளும் சுவைக்கும், ஜெலற்றின் அதைக் காப்பாற்றும். நெஞ்சுத் துண்டுகளை அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது. மறுபடி சூடாக்கினால் இரும்பு தூண்டிய ஒட்சியேற்றத்தின் பழைய வாடை முதலில் அவற்றில்தான் ஏறும்.