சார்ஜும் பேலன்ஸும்

கைப்பேசி வைத்திருப்போர் வாயில் நாள்தோறும் புழங்கும் இவ்விரு ஆங்கிலச் சொற்களும் பலபொருள் ஒருசொற்களே. ஆயினும் அவை தமிழாக்குவோருக்குத் தரும் தொல்லை ஒரே வகையானது அன்று.

சார்ஜ் என்பதன் வேர், வண்டியைக் குறித்த 'கர்ருஸ்' என்னும் இலத்தீன் சொல். அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுதல் என்னும் பொருளில் ஒரு வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கார்கோ ஆகியனவும் இக்குடும்பத்தினவே. வேலையை ஒருவர்மேல் ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, செலவை ஏற்றினால் கட்டணம், மின்கலத்தில் ஆற்றலை ஏற்றினால் மின்னேற்றம் எனப் பொருள்கள் கிளைத்தன. தமிழும் இங்கே பெரும்பாலும் சுமையையே நினைக்கிறது: குற்றத்தைச் 'சுமத்துகிறோம்', பொறுப்பு என்பதிலோ தாங்குதலைக் குறிக்கும் 'பொறு' இருக்கிறது. கட்டணத்தில் மட்டும் அந்தச் சாயல் இல்லை. ஆகவே சார்ஜ் எடுத்தார் என்பதைப் பொறுப்பேற்றார் என்றும், சார்ஜ் ஷீட்டைக் குற்றப்பத்திரிகை என்றும் எழுதுவதில் இடர் எதுவும் இல்லை. லத்தி சார்ஜில் இருப்பது பாய்ந்து தாக்கும் பொருள் என்பதால் தடியடி என்பதே போதும். இயற்பியலில்தான் சற்றுக் கவனம் வேண்டும்: மின்கலத்தில் நாம் செய்யும் செயலும், எலக்ட்ரானுக்கு இயல்பாகவே உள்ள பண்பும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் வழங்குவதால், முன்னதற்கு மின்னேற்றம், பின்னதற்கு மின்னூட்டம் எனப் பிரித்தாள்வது தெளிவு தரும் என்பது என் கருத்து.

பேலன்ஸ், 'இரு தட்டுகளை உடையது' என்னும் பொருள்கொண்ட 'பிலாங்ஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது, அதாவது தராசு. 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' என்று 118ஆம் குறள் சொல்லும் கருவியும் அதுவே. தட்டுகள் ஒத்து நிற்கும் நிலை சமநிலை ஆயிற்று. வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதி, குறைந்த பக்கத்தைச் சமன்செய்யச் சேர்க்கும் தொகைக்கும் கணக்கர்கள் அப்பெயரையே இட்டனர். சிக்கல் இந்தப் பணப்பொருளில்தான் எழுகிறது. "பேலன்ஸ் ஆயிரம்" என்றால் அது கணக்கில் கிடக்கும் பணமா, கொடுக்க வேண்டிய பணமா? தமிழில் இந்த மயக்கம் இல்லை: கணக்கில் உள்ளது இருப்பு, செலவழித்தபின் எஞ்சியது மீதி, செலுத்தப்படாமல் நிற்பது நிலுவை. பாக்கி என்னும் அரபுச் சொல் பின்னிரண்டுக்கும் வழங்குகிறது. பேலன்ஸ் ஷீட்டை இருப்புநிலைக் குறிப்பு என்று இன்று எழுதுகிறோம். ஐந்தொகை என்னும் பழைய கணக்குச்சொல் அதைவிடச் சுருக்கமானது, பேச்சிலும் எளிதாக வரும்.